பூசணமும் ஜீவதயையும்



மண், நீர், தீ, காற்று, தாவரம் என்னும் ஐவகை நிற்பனவற்றையும் உயிரென்று கண்டது நம் ஜின தர்மம். அவற்றுள்ளும் பாசி, காளான் முதலியவை ஓருடலில் அனந்த ஜீவன்கள் உறையும் சாதாரண வனஸ்பதி என்பது ஆன்றோர் துணிபு. மழைக்காலத்தில் சுவரிலும் துணியிலும் ஊறுகாயிலும் படரும் பூசணமும் காளான் இனத்ததே என்று இன்றைய அறிவியலும் கூறுகின்றது. ஆதலின் பூசணத்தைத் துடைத்தெறிதல் வெறும் தூய்மைப் பணியன்று. அதில் ஹிம்சையும் உண்டு. துடையாது விட்டாலோ, அது பல்கி, பின்னர் நேரும் ஹிம்சையும் பல்கும். வீட்டிலுள்ளோர்க்கு இருமலும் இளைப்பும் கூடும். இவ்விரண்டினின்றும் தப்பும் வழி ஒன்றே: பூசணம் தோன்றாமலே காத்தல்.

இதனை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். அரைத்த மாவினைக் குளிர்காலத்தில் 7 நாள், கோடையில் 5 நாள், மழைக்காலத்தில் 3 நாள் மட்டுமே கொள்ளலாம் என்பது திகம்பர மரபின் வரையறை. மழைக்காலத்திற்கு நாள் குறைவானதன் காரணம் காற்றின் ஈரமேயாம்.

அவ்வீரம் சுவருக்கு எங்ஙனம் வருகின்றது? வெப்பக் காற்று மிகுந்த நீராவியைத் தாங்கும். குளிர்ந்த காற்று அவ்வளவு தாங்காது. காற்று குளிரக் குளிர, எந்த வெப்பநிலையில் தாங்க இயலாது நீராக விடத் தொடங்குகிறதோ, அதுவே பனிநிலை. அறையின் வெப்பம் 30 பாகை செல்சியஸ், ஈரப்பதம் 80 விழுக்காடு எனக் கொள்வோம். அக்காற்றின் பனிநிலை ஏறத்தாழ 26 பாகை. 25 பாகைக்குக் குளிர்ந்த கருங்கல் தரை அப்பொழுது வியர்க்கும். 27 பாகையிலுள்ள சுவரிலோ நீர்த்துளி தோன்றாது. ஆயினும் அதனை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் 95 விழுக்காடாகிவிடும். பூசணம் முளைக்க நீர்த்துளி வேண்டுவதில்லை. 80 விழுக்காடு நீடித்தாலே போதும். சுவர் கண்ணுக்கு உலர்ந்திருப்பது கொண்டு நாம் ஏமாறலாகாது.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் ஐப்பசி, கார்த்திகை மழையும், அதனைத் தொடரும் மார்கழிப் பனியும் இவ்விடரை மிகுவிப்பன. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரியருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலின்போது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. அவ்வாறு நனைந்த துணியும் தாளும் ஓரிரு நாளில் உலராவிடின் பூசணம் பற்றும்.

ஆதலின் நாம் கடைப்பிடிக்கத்தக்கவை சில. மழை பெய்யும்போதும் பனி இறங்கும் விடியற்காலையிலும் சன்னல்களை அகலத் திறந்து வைத்தல் ஈரத்தை வரவேற்பதாகும். மழை ஓய்ந்து வெயில் காயும் நண்பகலில் திறத்தலே நன்று. ஆனால் சமையலறை ஆவி உடனே வெளியேற வழி வேண்டும். பொழுது சாயுமுன் உண்ணும் நம் நோன்பு இதற்கும் துணை செய்கின்றது. ஈரத்துணியை அறைக்குள் உலர்த்தலாகாது. பீரோவைச் சுவரினின்று ஒரு சாண் விலக்கி வைத்தால் பின்புறம் காற்றோடும். குளிர்சாதன அறையின் கதவைத் திறந்ததும் வெளிக்காற்று புகுந்து, குளிர்ந்த புத்தகங்கள்மேல் வியர்வையாகப் படியும். ஏடுகளை அங்கு வையாதிருத்தல் நலம். சிறு ஈரமானி ஒன்றை மாட்டி, 60 விழுக்காட்டிற்கு மிகாமல் காத்தல் சிறப்பு.

ஏடுகளைப் பற்றி இன்னும் ஒன்று. புஷ்பதந்தரும் பூதபலியும் அருளிய ஷட்கண்டாகமத்தைப் போற்றும் சுருத பஞ்சமி, கோடையின் கடைப்பகுதியில் வருவது. அன்று சுவடிகளை வெளியே எடுத்து, தூசி தட்டி, புதுத் துணியில் பொதிவது மரபு. மழைக்கு முன் ஏட்டினை உலர்த்தும் நுட்பம் ஒரு திருநாளாகவே அமைந்துள்ளது! மேல்சித்தாமூர் ஜினகாஞ்சி மடம் போன்ற இடங்களில் மட்டுமன்று, நம் இல்லங்களின் பரணிலும் பாட்டன் கைபட்ட சுவடியும் பழைய அச்சு நூலும் இருக்கக்கூடும். அவற்றை நிழலில் காற்றாட விடுங்கள். கடுவெயில் ஓலையை முறியச் செய்யும். பூசணம் தின்ற எழுத்து மீளாது. சாஸ்திர தானம் செய்யக் கடமைப்பட்ட நாம் சாஸ்திர நாசத்திற்குக் காரணராகலாமா?

முன்னரே படர்ந்துவிட்ட பூசணத்தை என் செய்வது என்று வினவலாம். இல்லறத்தார்க்குத் தவிர்க்க முடியாத ஆரம்ப ஹிம்சை என ஒன்று உண்டு. சிறிதாயிருக்கும்போதே வருத்தத்தோடு நீக்கி, ஈரத்தின் காரணத்தையும் உடன் நீக்குக. காரணத்தை விட்டுவிட்டு ஆண்டுதோறும் துடைத்துக்கொண்டிருப்பதோ பிரமாதம், அஃதாவது சோர்வு. சோர்வால் உயிர்க்குத் தீங்கு நேர்தலே ஹிம்சை என்று தத்துவார்த்த சூத்திரத்தில் உமாஸ்வாமி ஆசாரியர் இலக்கணம் வகுத்தார். வரும் மழைக்கு முன்னரே நம் இல்லங்களில் அச்சோர்வை நீக்குவோமாக.

அறம் வளர்க!