தோசைக்குள் பஞ்சாமிர்தம்

பிரசாதத்தைப் பசிக்குச் சாப்பிடலாமா கூடாதா என்பது ஆகமம் படித்தவர்கள் தீர்த்துவைக்க வேண்டிய கேள்வி. எங்கள் வீட்டில் அது ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுப்படியில் எழுகிறது. கேட்பவர் என் அக்கா. கரண்டி என் கையில் இருப்பதால் பதில் சொல்லும் கடமையும் என் தலையில்தான்.

திண்டுக்கல்லில் இருக்கிறோம். தபால் இலாகாவிலிருந்து ஓய்வு பெற்றபின் ஞாயிறு காலைப் பலகாரத்தை நான் எடுத்துக்கொண்டேன். மகள் பிள்ளைகளோடு வரும் வாரங்களில் பழ தோசை. முதல் நாள் சாயங்காலம் அரைத்த மாவு பொங்கியிருக்க வேண்டும், புளித்திருக்கக் கூடாது. அதில் ஒரு கைப்பிடி கோதுமை மாவைக் கட்டியில்லாமல் கரைத்துவிட்டால் மடிக்கும்போது தோசை ஒடியாது. சிறுமலைப் பழத்தை வட்டவட்டமாக நறுக்கி, நெய்யில் போட்டு, ஓரம் சிவந்ததும் எடுத்துத் தனியே வைத்துவிடுவேன். நெய்யில் குழையாத ஒரு திடம் மலைப்பழத்துக்கு உண்டு. பூவம்பழத்தில் இதைச் செய்தால் களியாகிவிடும். தோசையை மெல்லிசாக இழுக்காமல் சற்றுக் கனமாக ஊற்றி மூடி போட வேண்டும். மேலே கண்கண்ணாகத் துளை விழுந்து ஈரம் வற்றியதும் அடுப்பை அணைத்துவிட்டு, பாதித் தோசையில் பழத்தை அடுக்கி, அதன் தலையில் பழனிப் பஞ்சாமிர்தம் ஒரு கரண்டி விட்டு, மறுபாதியை மடித்து மூடுவேன். அடுப்பு எரியும்போதே விட்டால் சர்க்கரை இளகிக் கல்லில் வழிந்து கரியும். அடுத்த தோசை எழும்பவே எழும்பாது. பழமுதிர்சோலைக் கதையில் முருகன் ஔவையிடம் கேட்டதுபோல் சுட்ட பழமா சுடாத பழமா என்று என்னிடம் யாரும் கேட்க வேண்டியதில்லை. இரண்டும் உள்ளே இருக்கும்.

அந்த ஒரு கரண்டியின் மேல்தான் வழக்கு.

அத்தான் போன பிறகு அக்கா எங்களோடு இருக்கிறார். முழங்கால் தேயும் வரை தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தவர். நான் கூப்பிடுவதைக் கேட்டுப் பேரப்பிள்ளைகளும் அவரை ‘அக்கா பாட்டி’ என்கிறார்கள். “சாமி பிரசாதத்தக் கையில வாங்கி, கண்ணுல ஒத்திக்கிட்டு வாயில போடணும்டா தம்பி. அத ஜாம் மாதிரி தடவித் திங்கவா அவன் மலை மேல ஆண்டியா நிக்கிறான்?” என்பார்.

லேசில் தள்ளிவிடக்கூடிய பேச்சில்லை இது. உள்ளங்கையில் விழுகிற துளிக்கு ஓர் ஒழுங்கு தானாக வந்துவிடுகிறது. வலது கை நீள்கிறது, இடது கை அதைத் தாங்குகிறது, கீழே சிந்திவிடுமோ என்று உடம்பே ஒரு கணம் ஜாக்கிரதையாகிறது. பொருள் கொஞ்சமாக இருப்பதால் கவனம் முழுதாக இருக்கிறது. தோசைக்குள் போனதும் பஞ்சாமிர்தம் ருசியாக மட்டும் நின்றுவிடுகிறது. பேரன் கண் தொலைக்காட்சியில் இருக்க, வாய் ‘இன்னொண்ணு’ என்கிறது. பிரசாதத்தை எவரும் இன்னொன்று கேட்பதில்லை என்பது அக்காவின் கட்சி. பெருமாள் கோயிலில் புளியோதரைக்கு இரண்டாம் முறை வரிசையில் நின்ற எத்தனையோ பேரை எனக்குத் தெரியும் என்பது என் கட்சி. அக்காவையும் அந்த வரிசையில் பார்த்திருக்கிறேன், ஆனால் அதை நான் சொல்வதில்லை.

அவருடைய இன்னொரு ஆட்சேபணை வைத்தியம் சம்பந்தப்பட்டது: தேனைச் சுட வைக்கக் கூடாது, விஷம். ஆயுர்வேதமும் அப்படித்தான் சொல்கிறது. பஞ்சாமிர்தமே அடுப்பேறாத பண்டம்தான். மலை வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய், பேரீச்சை, கற்கண்டு எல்லாம் பிசையப்படுகின்றனவே தவிர வேகவைக்கப்படுவதில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சேர்வதில்லை. அதனால்தான் கெடாமல் நிற்கிறது. அடுப்பை அணைத்த பிறகே கரண்டியைத் தொடுகிறேன் என்று காட்டியதும் இந்த ஆட்சேபணை வாபஸ் ஆனது.

ஆனால் டின்னைக் கையில் எடுக்கும்போது எனக்கே ஒரு சந்தேகம் வரும். பழனியாண்டவரின் நவபாஷாணத் திருமேனியில் வழிந்தது அபிஷேகப் பஞ்சாமிர்தம். போகர் செய்த மூர்த்தி என்றும், அதன்மேல் பட்டதெல்லாம் மருந்து என்றும் நம்பிக்கை. கடையில் நாம் வாங்கும் டின் அந்த மேனியைத் தொட்டதில்லை. தேவஸ்தானத்தின் தயாரிப்புக் கூடத்தில் இயந்திரம் பிசைந்து, இயந்திரம் நிரப்பி, மூடி முத்திரை போட்டு வருவது. 2019இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. திருப்பதி லட்டு 2009லேயே வாங்கிவிட்டது. குறியீடு கொடுக்கிறவர்கள் பார்ப்பது ஊரையும் பழத்தையும் செய்முறையையும். அருளுக்கு எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் இல்லை. அப்படியானால் தோசைக்குள் நான் வைத்தது பிரசாதமா, நல்ல பழக்கூழா?

அக்காவுக்கு இதில் சந்தேகமே கிடையாது. “மலையடியில வாங்குனியா? அவன நெனச்சு வாங்குனியா? அப்பொறம் என்ன?” தொட்டதனால் புனிதம் என்ற கணக்கை அவர் ஒரே வீச்சில் தள்ளிவிட்டு, நினைத்து வாங்கியதனால் புனிதம் என்கிறார். தைப்பூசம் முடிந்து காவடியோடு வரும் எடப்பாடிக்காரர்கள் மலைமேல் தங்கித் தாங்களே டன் கணக்கில் பஞ்சாமிர்தம் பிசைந்து ஊருக்கு எடுத்துப்போய்ப் பங்கிடுவார்கள். முழங்கை வரை பழம் ஒட்டிய அந்த மனிதர்களிடம் போய் இது பிரசாதமா என்று கேட்டால் சிரிப்பார்கள். இந்த இடத்தில் அக்காவோடு நான் ஒத்துப்போகிறேன். ஒத்துப்போவதால்தான் மேற்கொண்டு கேட்கிறேன்: நினைத்து வாங்கியது பிரசாதமானால், நினைத்து ஊட்டுவது ஏன் ஆகாது?

ருசி பார்த்தால் பக்தி கெட்டுவிடும் என்றால் கண்ணப்பர் கதையை என்ன செய்வது என்று ஒருநாள் கேட்டேன். காளத்தியில் அந்த வேடன் இறைச்சியைத் தன் வாயிலிட்டு, மிருதுவாக இருக்கிறதா என்று கடித்துப் பார்த்து, நல்லதை மட்டும் சிவனுக்கு வைத்தான். அறுபத்துமூவரில் ஒருவர் ஆனார். அக்கா சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. “அவரு கண்ணக் குடுத்தாரு. நீ என்னத்தக் குடுத்த?”

இதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

சிவன் கோயில்களில் விஷயம் வேறு என்பதையும் சொல்லவேண்டும். அங்கே சாத்தியதும் படைத்ததும் நிர்மாலியம். அதற்கு உரிமை சண்டிகேசுவரருக்கு. வெளியே வருகிறவர்கள் அவர் சன்னிதியில் கையைத் தட்டி, எதையும் எடுத்துப்போகவில்லை என்று காட்டிவிட்டு வருகிறோம். சிவன் சொத்து குலநாசம் என்று வளர்ந்தவர் அக்கா. சாமிக்குப் போனதைத் தொடும்போதே அவர் விரல்களில் ஒரு கூச்சம் உண்டு. அப்பன் வீட்டு வழக்கத்தை மகன் வீட்டுக்கும் கொண்டுபோகிறார் என்பது என் கணிப்பு. மகனோ குடம்குடமாக மேலே வார்த்துக்கொண்டு, அதையே ஊருக்கும் கொடுக்கிறவன்.

வயிறு நிறையத் தின்பதே பிரசாதமாக இருக்கும் இடங்களும் நாட்டில் இல்லாமலில்லை. பூரியில் ஜகந்நாதருக்கும் பிறகு விமலா தேவிக்கும் படைத்த சோறும் பருப்பும் காயும் மகாபிரசாதமாகி ஆனந்த பஜாருக்கு வருகின்றன. மண்பானையோடு வாங்கி, பக்கத்தில் உட்காருபவன் என்ன சாதி என்று பார்க்காமல் குடும்பம் குடும்பமாகச் சாப்பிடுகிறார்கள். சீக்கியர்கள் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறார்கள்: கையில் வாங்கும் கடா பிரசாதம் ஒன்று, தரையில் வரிசையாக உட்கார்ந்து உண்ணும் லங்கர் ஒன்று. அக்கா கேட்பது அந்தப் பிரிவினைதான் என்று நினைக்கிறேன். அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? மதுரைக்குப் பக்கத்தில் அழகர்கோயிலில் தோசையே பிரசாதம். கறுப்பு உளுந்தும் மிளகும் போட்டு நெய்யில் வேகும் அந்தக் கனத்த தோசை உள்ளங்கைத் துளி இல்லை. ஒன்று தின்றால் மத்தியானம் வரை பசிக்காது. அதே மலையில் கொஞ்சம் மேலே ஏறினால் பழமுதிர்சோலை. மாமன் வீட்டுத் தோசைக்குள் மருமகன் வீட்டுப் பழத்தை வைப்பதில் என்ன தவறு என்றேன். இதற்கு மட்டும் அக்கா சிரித்தார்.

எனக்குப் பெரிதாகப் படுவது மாம்பழக் கதை. நாரதர் கொண்டுவந்தது ஒரே பழம். பிள்ளைகளோ இரண்டு பேர். ஞானப்பழத்தை அறுத்தால் அதன் குணம் போய்விடும் என்றார் அப்பா, பந்தயம் வைத்தார். அண்ணன் தாய் தந்தையைச் சுற்றி வந்து பழத்தை வாங்கிக்கொண்டான். உலகைச் சுற்றி வந்தவன் கோபித்துக்கொண்டு பழனிக்குப் போனான். சின்ன வயதில் இதைக் கேட்டபோது, அறுத்துக் கொடுத்திருக்கலாமே என்றுதான் தோன்றியது. இரண்டு பேரப்பிள்ளைகளுக்கு நடுவே கரண்டியோடு நிற்கிற வயதில் அந்த எண்ணம் இன்னும் உறுதிப்பட்டிருக்கிறது. கூறுபோட முடியாத பழத்துக்காக வீட்டை விட்டுப் போன பிள்ளையின் சன்னிதியில் இன்று கிடைப்பது என்ன? எது எந்தச் சீப்பிலிருந்து வந்த பழம் என்று யாரும் சொல்ல முடியாதபடி பிசைந்து, எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் பங்கு போடக்கூடிய பழம். ஸ்தல புராணம் எழுதியவர்கள் இதை யோசித்து வைத்தார்களா என்பது வேறு விஷயம். கையிலிருப்பதைக் கொடுப்பதுதான் பிரசாதத்தின் காரியம் என்று எனக்கு அந்த மலை சொல்கிறது. எவ்வளவு கொடுப்பது என்பது கூட்டத்தைப் பொறுத்தது. கோயில் வாசலில் ஆயிரம் கை நீளும்போது ஒரு துளி. என் அடுப்படியில் இரண்டு பிள்ளைகள்.

அந்தப் பழமும் ஆகாயத்திலிருந்து விழுவதில்லை. பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன விருப்பாச்சிப் பழத்தை 1970களில் முடிக்கொத்து நோய் கிட்டத்தட்டத் துடைத்தே விட்டது. அசுவினிப் பூச்சி பரப்பும் வைரஸ். திசு வளர்ப்புக் கன்றுகளை வைத்து மெல்ல மீட்டார்கள். சாமிக்கு ஆகும் பழம் என்று பூச்சி ஒதுங்கிப் போகவில்லை.

கிருத்திகைதோறும் அக்கா விரதம். பகல் முழுக்கத் தண்ணீர்தான். ராத்திரி விளக்கு வைத்து, முதலில் வாயில் போடுவது பஞ்சாமிர்தம். போன கிருத்திகை ராத்திரி, அவர் விரலை நக்கிக்கொண்டிருந்தபோது கேட்டேன்: “இப்ப நீ சாப்பிட்டது பக்திக்கா, பசிக்கா?”

கொஞ்ச நேரம் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாதவர். “பசிக்குத்தான். ஆனா இந்தப் பசி நானா எடுத்துக்கிட்டது தம்பி. ஒம் பேரன் பசி அப்பிடியா?”

“அவன் பசிய யாரு வச்சதாம்?”

“அவன்தான்” என்று பழனி இருக்கும் மேற்குப் பக்கம் மோவாயைக் காட்டினார்.

“அப்ப அவனே தீர்க்கட்டும்.”

தீர்ப்பு எனக்குச் சாதகம் என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த ஞாயிறு, தோசை சாப்பிட்டு முடித்த தட்டுகளைப் பேத்தி தொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்தபோது அக்கா வந்து குழாயை மூடினார். தட்டின் விளிம்பில் ஒரு பேரீச்சைத் துணுக்கும், பழுப்பாக ஒரு கோடும் ஒட்டியிருந்தன. “இது எங்கடா போகும்?”

சாக்கடைக்குத்தான். இது வாதம் செய்து சமாளிக்கக்கூடிய ஆட்சேபணையில்லை. உள்ளங்கையில் வாங்கியதை நக்கிவிடுகிறோம். மிச்சம் என்று ஒன்று விழுவதில்லை. உணவாக்கினால் தட்டு உண்டு, எச்சில் உண்டு, கழுவும் தண்ணீர் உண்டு. எங்கள் வீட்டில் பஞ்சாமிர்த டின் காலியானால் அக்கா அதில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் குடித்துவிட்டு, இரண்டாவது அலசலைச் செம்பருத்திக்கு ஊற்றுவார். அதைக் கால் மிதிக்கிற இடத்தில் கொட்ட அவரால் முடியாது. இத்தனை நாள் எவ்வளவு உள்ளே போகலாம் என்று நாங்கள் பேசிக்கொண்டிருக்க, மிச்சம் எங்கே போகிறது என்பதை அவர் ஒருவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகவே இப்போது பழ தோசை வாழையிலையில்தான். பிள்ளைகள் இலையை விரலால் வழித்துச் சாப்பிட வேண்டும். தெருவில் வரும் மாட்டுக்கு இலையைப் போடுவது பேத்தியின் வேலை. மாடு தின்றால் அது பிரசாதமா என்று அவள் கேட்டாள். “அதுக்கும் வாயிருக்குல்ல” என்றார் அக்கா. மாட்டுக்குப் பசிக்குச் சாப்பிட அனுமதி இருக்கிறது போலும் என்று நான் முணுமுணுத்தது அவர் காதில் விழுந்ததா தெரியவில்லை. முந்தின நாள் இலை வாங்க மறந்துவிட்டால் ஞாயிறன்று வெறும் தோசையும் தேங்காய்ச் சட்னியும்தான். அதற்குப் பேரன் போடும் சண்டை தனி.