யார் விட்ட புகை?

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாக சிங்கப்பெருமாள்கோயில் போகும் சாலையில், 'இங்கே காற்றைக் கெடுக்கிறது யாருங்க?' என்று கேட்டுப் பாருங்கள். கம்பெனிக்காரர் லாரியைக் காட்டுவார். லாரிக்காரர் கம்பெனியைக் காட்டுவார். ரெண்டு பேரிடமும் காகிதம் இருக்கும். கம்பெனிக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு. லாரிக்குப் புகைச் சான்றிதழ். ரெண்டு பேருமே பொய் சொல்லவில்லை. சிக்கலே அதுதான்.

1998-ல் இந்தப் பக்கம் ஹூண்டாய் கார்கள் தயாராக ஆரம்பித்தன. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான். நடுவிலும் பிறகும் எத்தனையோ தொழிற்சாலைகள். ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை, நல்லதுதான். ஆனால் காருக்குப் பெயின்ட் அடிக்கும்போது தின்னர் ஆவியாகிறது. டீசல் எரிந்தால் நைட்ரஜன் ஆக்ஸைடுகள். இரண்டும் வெயிலில் சேர்ந்தால் ஓசோன். வானத்தில் உயரே நம்மைக் காக்கிற அதே ஓசோன், தரையில் நுரையீரலைப் பதம் பார்க்கும். ஒன்றைக் கவனியுங்கள்: இந்த ஓசோன் எந்தப் புகைபோக்கியிலிருந்தும் வருவதில்லை. தனியாக யாரும் விடாதது. எல்லோரும் சேர்ந்து செய்தது.

1984 டிசம்பரில் போபாலில் ஒரே இரவில் கசிந்த வாயு ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. அங்கே யூனியன் கார்பைடு என்று விரல் நீட்ட முடிந்தது. அதே 1984-ல் ஆக்ஸ்ஃபோர்டு தத்துவ அறிஞர் டெரக் பார்ஃபிட் தன் புத்தகத்தில் ஒரு கற்பனை சொன்னார். ஆயிரம் கைதிகள், அவர்களை வதைக்க ஆயிரம் பேர். ஒருவர் பொத்தானை அழுத்தினால் ஒவ்வொரு கைதிக்கும் வலி இம்மியளவு கூடும், தெரியவே தெரியாது. ஆயிரம் பேரும் அழுத்தி முடித்தால் அத்தனை கைதிகளும் கதறுவார்கள். 'நான் யாரையும் நோகடிக்கலையே' என்று ஒவ்வொருவரும் சொன்னால் ஒப்புக்கொள்வீர்களா? பார்ஃபிட் ஒப்புக்கொள்ளவில்லை. 'நான் தனியாக என்ன செய்தேன்' என்று கேட்டால் போதாது, 'மற்றவர்களோடு சேர்ந்து என்ன செய்தேன்' என்றும் கேட்க வேண்டும் என்றார்.

சான்றிதழ் ஒவ்வொரு புகைபோக்கிக்கும் தனித்தனி. மூச்சு இழுக்கிற குழந்தைக்கு மொத்தமும் ஒன்றாக வருகிறது. எனவே முதலில் ஊர்க் காற்றுக்கு ஒரு கணக்குப் போட்டு, அதற்குள் ஆளுக்கு எவ்வளவு என்று பிரிப்பதுதான் நியாயம்.

ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் பிறந்த ஊர். ரகசியமாகப் பெற்ற மந்திரத்தைத் திருக்கோஷ்டியூரில் எல்லோரும் கேட்க உரக்கச் சொன்னாராம். 'நரகம் போவாயே' என்று குரு கோபித்தபோது, 'இத்தனை பேர் உய்வார்கள் என்றால் நான் ஒருவன் போகிறேன்' என்றாராம். ஊருக்காக ஒருவர் பழியைத் தன் தலையில் வாங்கிக்கொண்ட கதை அது. அவர் பிறந்த ஊரில் இன்று பழியை ஆயிரம் பங்கு போட்டு, ஆளுக்கு ஒன்றுமில்லை என்று ஆக்கிவிட்டோம்.