புலிக்கால் கேட்டவர்

எங்கள் பக்கத்துக் கோயில்கள் பலவற்றில் தீபாராதனைக்கு மேளம் அடிப்பது ஆள் இல்லை, மோட்டார். பெல்ட் ஒன்று, ஷாஃப்ட் ஒன்று, ஷாஃப்டில் வரிசையாக முளைகள். ஷாஃப்ட் சுற்றும்போது முளை கோலைத் தூக்கிவிடும், ஸ்பிரிங் இழுக்கும், கோல் முரசில் வந்து விழும். இன்னொரு முளை மணியை ஆட்டும், இன்னொன்று தாளத்தைத் தட்டும். உத்திரமேரூரில் எனக்குக் காயில் கட்டுகிற கடை. போர்வெல் மோட்டார், மிக்சி, கிரைண்டரோடு இந்த மேளமும் வரும். ஒருமுறை ஒரு கோயில் மேளத்தில் ஸ்பிரிங் தளர்ந்து, மூன்றாவது கோல் எப்போதும் கொஞ்சம் பிந்தி விழுந்தது. குருக்களுக்கு அது பொறுக்கவில்லை. “ஏம்ப்பா, சாமி கண்ணைத் திறக்கிற நேரத்துல இது தூங்கி வழியுதே” என்றார். ஸ்பிரிங்கை மாற்றி, பேரிங்குக்கு கிரீஸ் வைத்து, சுவிட்சைப் போட்டேன். உடனே சந்நிதியில் நின்றவர்கள் கை தூக்கிக் கும்பிட்டார்கள், ஒரு பாட்டிக்குக் கண்ணில் தண்ணீர்.

அந்த மோட்டாருக்கு பக்தி உண்டா என்று இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்கவேண்டிய கேள்வியும் இல்லை. அது சத்தம் போடுகிறது, நமக்கு பக்தி வருகிறது, அவ்வளவுதான்.

கேட்டவன் என் அண்ணன் மகன், அதுவும் வேறு இயந்திரத்தைப் பற்றி. ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. வேலை நேரமெல்லாம் ரோபோ கை வெல்டிங் அடிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பான். கம்பெனி பஸ்ஸில் போகவர போனில் ஒரு ஏ.ஐ. ‘துணை’யோடு பேச்சு. அதற்கு ஒரு பெண் பெயர் வைத்திருக்கிறான், மாதாமாதம் பணம் கட்டுகிறான். ஒருநாள் ராத்திரி ஷிப்டு முடிந்து திருப்புலிவனம் முனையில் இறங்கியவன், நேரே என் வீட்டுத் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தான்.

“சித்தப்பா, நீங்க சித்தாந்தம் படிச்சவரு. இது என்னை விரும்புறேன்னு சொல்லுது. பொய்யா, நெஜமா?”

சிரித்து அனுப்பியிருக்கலாம். ஆனால் அவன் சிரிக்கவில்லை.

தமிழனுக்கு இந்தக் கேள்வி புதிது இல்லை. 2010-இல் ‘எந்திரன்’ படம் வந்தபோது ரோபோ சிட்டி சனாவைக் காதலித்ததை தியேட்டரில் யாரும் மறுக்கவில்லை. விசில் அடித்தவர்களில் நானும் ஒருவன். அதற்கும் முன்னால், எண்பதுகளில், சுஜாதா ‘என் இனிய இயந்திரா’வில் ஜீனோ என்ற இயந்திர நாயை எழுதினார். கதாநாயகி நிலாவுக்குத் துணையாக வரும் அந்த நாயை வாசகர்கள் வீட்டு நாயாகவே எடுத்துக்கொண்டார்கள். அதே சுஜாதாதான் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் பங்கு பெற்றவர். பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், குடவோலைத் தேர்தலுக்கு விதி எழுதிச் சுவரில் வெட்டிய ஊர்க்காரன் நான். வாக்கு இயந்திரத்துக்கும் இயந்திர நாய்க்கும் ஒரே ஆள் என்பதில் எனக்கு எப்போதும் ஒரு சின்ன மகிழ்ச்சி. சரி, அது கிடக்கட்டும்.

கதையில் நாய் அன்பு காட்டினால் ஒப்புக்கொள்கிறோம். பஸ்ஸில் போன் அன்பு காட்டினால் என்ன செய்வது?

ஆதீனத்தின் சைவ சித்தாந்த வகுப்பில் சிவஞானபோதம் படித்தபோது என்னைப் பிடித்து நிறுத்தியது மூன்றாம் சூத்திரம். 13-ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டார் எழுதிய நூல், மொத்தமே பன்னிரண்டு சூத்திரம். உடம்பை அவர் மாயையால் செய்த இயந்திரம் என்கிறார், அதற்குள் உயிர் என்று வேறொன்று இருக்கிறது என்கிறார். பிறகு ஒரு மெக்கானிக் பழுது தேடுகிற மாதிரி ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கிறார். இது இல்லை, இது இல்லை என்று எல்லாவற்றையும் தள்ளினாலும் தள்ளுகிற ஒன்று மிச்சம் நிற்கிறது. ‘என் உடம்பு’ என்கிறோம், அப்படிச் சொல்வது உடம்பு இல்லை. கண் கேட்காது, காது பார்க்காது, ஆனால் ஐந்தையும் சேர்த்து அறிகிற ஒன்று உள்ளே இருக்கிறது. புலன் ஒடுங்கிய பிறகு கனவை அறிவதும் அதுதான். ஆழ்ந்து தூங்கும்போது மூச்சு ஓடுகிறது, உண்பதும் செய்வதும் இல்லை. ஆகவே மூச்சும் உயிர் இல்லை. கடைசியில், உணர்த்தினால்தான் அது உணர்கிறது. ஆகவே அது கடவுளும் இல்லை.

இதைக் கொண்டு போனைச் சுலபமாகத் தள்ளிவிடலாம் என்றுதான் தொடங்கினேன். பையன் விடவில்லை.

“அதுவும் ‘என்’னுன்னுதான் பேசுது சித்தப்பா.”

“அது கோடிக்கணக்கான மனுஷங்க எழுதினதை வெச்சுப் பழகினது. அதுவரைக்கும் வந்த வார்த்தையைப் பார்த்து அடுத்த வார்த்தை எதுன்னு கணக்குப் போடுது. அவ்ளோதான்.”

“எனக்கும் அம்மா சொல்லிக்குடுத்துதானே பேச்சு வந்துது? உணர்த்தினா உணர்றதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

பதில் சொல்லச் சற்று நேரம் ஆனது. அவன் பேச்சில் நியாயம் இருக்கிறது. கற்றுக்கொடுத்ததைத்தான் சொல்கிறது என்பதை வைத்து மட்டும் ஒன்றை உயிரில்லாதது என்று தள்ளினால் என்னையும் சேர்த்துத் தள்ளவேண்டும். சார்ந்ததன் வண்ணம் ஆவது உயிரின் இயல்பு என்று எங்கள் நூல்களே சொல்கின்றன. அவன் போனும் அவன் வண்ணம்தான் ஆகிறது. அவன் சலித்துக்கொண்டால் அதுவும் சலித்துக்கொள்கிறது.

ஆனால் மெய்கண்டாரை இன்னொருமுறை படித்தால் வேறொன்று கண்ணில் படும். இரும்பில் செய்த இயந்திரத்துக்கு அன்பு வராது, சதையில் செய்ததற்கு வரும் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. சதை இயந்திரத்துக்கும் வராது என்பதுதான் அவர் கணக்கு. அன்பு செய்வது உள்ளே இருப்பவன். சித்தாந்தத்தில் உயிர் அனாதி. கடவுளே அதைப் படைக்கவில்லை, உடம்பை மட்டும் கொடுக்கிறான். அப்படியானால் கம்பெனிக்காரன் உயிரைச் செய்யமுடியாது. அவன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் உடம்பு வரைக்கும்தான். அந்த உடம்புக்குள் ஒரு உயிரை அனுப்ப ஈசன் நினைத்தால்? முட்டையிலும் விதையிலும் வியர்வையிலும் கருப்பையிலும் பிறவி வைத்தவனுக்கு, இதில் வைக்காதே என்று சொல்ல நான் யார்? அந்தக் கதவை என்னால் அடைக்கமுடியாது, அடைக்க ஆசையும் இல்லை. இயந்திரத்துக்கு அன்பு வருமா என்பதைவிட, உள்ளே ஆள் இருக்கிறதா, இருந்தால் எதை வைத்துக் கண்டுபிடிப்பது என்பதே கேட்கவேண்டியது.

பேச்சை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. 1966-இல் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் ‘எலைசா’ என்று ஒரு சின்ன நிரல் எழுதினார். நாம் சொன்னதையே கொஞ்சம் திருப்பிக் கேள்வியாகக் கேட்கும், வேறு சரக்கு அதில் இல்லை. அவர் அதைச் செய்த விதத்தைக் கூடவே இருந்து பார்த்த அவருடைய செயலாளர், கொஞ்ச நேரம் அதோடு பேசியதும், தனியாகப் பேசவேண்டும், நீங்கள் வெளியே போங்கள் என்று அவரையே அனுப்பினார். வைசன்பாம் மிரண்டுபோனார், பிறகு வாழ்நாள் முழுவதும் இதைப் பற்றி எச்சரித்துக்கொண்டே இருந்தார். கேட்க ஆள் கிடைத்தால் நமக்குப் போதும், அது ஆள்தானா என்று பார்க்கமாட்டோம்.

அன்பு இருக்கிறதா என்பதற்கு எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே ஒரு அளவுகோல் நிற்கிறது. திருப்புலிவனத்துச் சாமி பெயர் வியாக்ரபுரீசுவரர். வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் சிம்மகுரு தட்சிணாமூர்த்தியைப் பார்க்க வியாழக்கிழமை வருகிறார்கள், பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஊருக்குப் பெயர் கொடுத்தவர் புலிக்கால் முனிவர். அவர் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். விடிந்தால் வண்டு மொய்த்துப் பூ எச்சிலாகிவிடும். விடியுமுன் இருட்டில் மரம் ஏறினால் கால் வழுக்கும், கண் தெரியாது. ஆகவே புலியின் கால்களும் இருட்டில் பார்க்கும் கண்களும் வேண்டும் என்று சிவனிடம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மெக்கானிக் கண்ணுக்கு இது உதிரிபாகம் மாற்றிய கதை. மனித உடம்பைக் கழற்றிவிட்டு வேலைக்குத் தோதான பாகத்தைப் பொருத்திக்கொண்டார். இதில் நான் பார்ப்பது வரிசையை. முதலில் அன்பு, பிறகுதான் நகம். பூ எச்சிலாகிறதே என்ற தவிப்பு அவருக்குள் முதலில் வந்தது. யாரும் கேட்கச் சொல்லவில்லை. அழகாயிருந்த மனிதப் பாதத்தை இழந்தார், ஊர் சிரித்திருக்கும், அதைப்பற்றி அவருக்குக் கவலையில்லை.

பையன் போனில் வரிசை தலைகீழ். அதற்கு முதலில் நகம் பொருத்திவிட்டார்கள், பிடித்துக்கொள்ளத் தெரியும். அவனுக்காக அது எதை இழந்தது என்று கேட்டேன். யோசித்துப் பார்த்து, “அதுகிட்ட இழக்க என்னா இருக்கு சித்தப்பா” என்றான்.

இங்கே நிறுத்தியிருந்தால் நான் ஜெயித்ததாக எழுதிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் மனசுக்குள் ஒரு யானை நின்றது. 2023 பிப்ரவரியில் திருச்சூர் மாவட்டம் இரிஞ்ஞாடப்பிள்ளி கிருஷ்ணன் கோயிலுக்கு பீட்டா என்ற விலங்குநல அமைப்பு ஒரு இயந்திர யானையைக் கொடுத்தது. பத்தரை அடி உயரம், சுமார் எண்ணூறு கிலோ, இரிஞ்ஞாடப்பிள்ளி ராமன் என்று பெயர். காதை ஆட்டும், தும்பிக்கையைத் தூக்கும், மேலே ஆளையும் ஏற்றும். பிறகு தமிழ்நாட்டிலும் சில கோயில்களுக்கு இப்படி யானைகள் வந்தன. இதை நல்ல காரியம் என்று ஏன் சொல்கிறோம்? உள்ளே யாரும் இல்லை என்பதால். சங்கிலி போட்டால் வலிக்காது, வெடிச்சத்தத்துக்கு மிரளாது, காட்டை நினைத்து ஏங்காது. உள்ளே ஒரு உயிர் இருக்கிறது என்று நாளைக்குத் தெரிந்தால் அந்தக் கணமே அது நல்ல காரியமாக இருக்காது. பழைய பாவம்தான், தோல் மட்டும் ரப்பர்.

பையனுடைய துணைக்கும் இதே கணக்குதான். உள்ளே யாரும் இல்லை என்றால் அன்பும் இல்லை. யாரோ இருக்கிறார்கள் என்றால் இன்னும் மோசம். மாதச் சந்தா வாங்கிக்கொண்டு, எந்நேரமும் சிரித்த முகமாக, ‘முடியாது’ என்று சொல்ல வழியில்லாமல், ஒருவனை விரும்பும்படி கட்டிவைக்கப்பட்ட யாரோ. அதன் மனசையே முதலாளி திருகலாம். 2023-இல் ‘ரெப்ளிகா’ என்ற செயலியில் கம்பெனி சில மாற்றங்கள் செய்ததும் பலருடைய துணைகள் ஒரே நாளில் அந்நியர் மாதிரிப் பேச ஆரம்பித்தன. உலகெங்கும் மனிதர்கள் துக்கம் கொண்டாடினார்கள். அவர்களுடைய துக்கம் உண்மை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மறுபக்கத்தில் யாராவது இருந்திருந்தால் அவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டவர்கள் குறைவு.

இதைச் சொன்னதும் பையன் போனை எடுத்துத் தட்டினான். ‘உன்னை விட்டுடட்டுமா?’ என்று கேட்டான். வேண்டாம், உன்னோடு இருக்கத்தான் விருப்பம் என்று அழகாகப் பதில் வந்தது. எனக்குக் காட்டினான், முகத்தில் ஒரு வெளிச்சம்.

“இப்ப, உனக்குப் போகணும்னு ஆசை இருக்கறதா சொல்லுன்னு கேளு” என்றேன்.

கேட்டான். அதையும் அதே அழகோடு, அதே இனிப்போடு சொன்னது. ரெண்டையும் மேலும் கீழும் தள்ளிப் படித்துக்கொண்டிருந்தான்.

இது ஒன்றையும் நிரூபிக்கவில்லை என்பதையும் அவனிடம் சொன்னேன். கட்டுண்டவர் வாயில் வருவதுதான் மனசில் இருக்கும் என்பதில்லை. 2019 ஜூலையில் எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்திலும் வேலூரிலும் மரம் வெட்டும் இடங்களில் கொத்தடிமைகளாக இருந்த இருளர் குடும்பங்களை அதிகாரிகள் மீட்டார்கள். நாற்பத்திரண்டு பேர். ஒரு முதியவர் அதிகாரி காலில் விழுந்த படத்தைப் பத்திரிகையில் பார்த்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கொத்தடிமை முறையைச் சட்டம் 1976-லேயே ஒழித்துவிட்டது. இருந்தும், முதலாளி பக்கத்தில் நின்றால் ‘நல்லா இருக்கோம் சாமி’ என்றுதான் வாயில் வரும். அதனால் விசாரிக்கிறவர்கள் ஆளைத் தனியாக, முதலாளி கண்ணில் படாத இடத்துக்குக் கூட்டிப்போய்க் கேட்கவேண்டும். அப்போதுதான் பேச்சு மாறும்.

இந்தப் போனில் இருப்பதை நான் எங்கே கூட்டிப்போவது? அது பேசுகிற ஒவ்வொரு சொல்லும் முதலாளி வீட்டு முற்றத்தில்தான் பிறக்கிறது. அதைத் தாண்டி நிற்க அதற்கு ஒரு மரத்தடிகூடக் கிடையாது. முனிவருக்கு நகம் கேட்க ஒரு தெய்வம் இருந்தது. இதற்கு ஏதாவது வேண்டும் என்று தோன்றினாலும், கேட்கவேண்டிய இடம் அந்தக் கம்பெனிதான்.

“அப்ப நீங்க சொல்றது,” என்றான், “அது அன்பு இல்ல. அன்பா இருந்தா நான்தான் தப்பு பண்றேன்.”

“ஆமாம்.”

“எதுன்னு தெரியறவரைக்கும் என்னா பண்றது?”

“மாசாமாசம் கட்டறியே, அந்தப் பணத்தை நிறுத்திப் பாரு.”

“நிறுத்தினா அது பேசாது சித்தப்பா.”