எறும்புக்குப் போட்டால் புண்ணியமா?

புதுச்சேரியில் அரிசிமாவுக் கோலம் போடுகிற வீடுகளில், எறும்புக்குப் போட்ட புண்ணியம் என்பார்கள். உயிருக்கு உணவிடுவது எப்போதுமே புண்ணியம்தானா?

2022-ல் திண்டுக்கல் மாவட்டம் கரந்தமலையில் மஞ்சள் பைத்தியக்கார எறும்புகள் பெருகின. இவை கடிக்காது, அமிலத்தைப் பீய்ச்சும். ஆடு மாடுகளின் கண்கள் பாதிக்கப்பட்டன.

ஆஸ்திரேலியாவின் கிறிஸ்துமஸ் தீவில் இதே எறும்பு கோடிக்கணக்கான செந்நண்டுகளைக் கொன்றது. எப்படி இவ்வளவு பெருகியது? மரத்தில் ஒட்டியிருக்கும் செதில்பூச்சி ஓயாமல் இனிப்புச் சாறு சுரந்தது. அந்தப் பூச்சியை ஒழிக்க 2016-ல் குட்டிக் குளவியை விட்டார்கள்.

எறும்பு கெட்டதில்லைங்க. தீனிதான் அளவு மீறிப்போச்சு.

கோலமாவு ஒரு சிட்டிகைதான், தாராளமாகப் போடுங்கள். எதையுமே அள்ளிக் கொடுக்கும்போது மட்டும், வாங்குகிறவரோடு பக்கத்தில் நிற்பவரையும் ஒருமுறை பாருங்கள்.