எல்லை கடக்கும் காசநோயும் ஜீவகாருண்யமும்

மருந்து எதிர்ப்புக் காசநோய் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு எப்படிப் பரவுகிறது என்பதை அறிய, நோயாளியிடம் சில கேள்விகள் கேட்டே ஆகவேண்டும். எந்த ஊர், எங்கே வேலை, யாரோடு தங்கியிருந்தார், எந்த வழியாக வந்தார் என்பவை அவை. ஆனால் சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823இல் பிறந்த இராமலிங்க அடிகள், பசித்து வந்தவரின் தேசத்தையும் சமயத்தையும் சாதியையும் விசாரியாமல் உணவளிக்க வேண்டும் என்று ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ என்னும் தம் நூலில் நெறி வகுத்தார். விசாரணை இல்லாமல் நோயின் வழி தெரியாது. விசாரணை முன்னால் வந்து நின்றால் கருணை பின்வாங்கிவிடும். இரண்டும் ஒருசேர நிற்க முடியுமா என்பது மருத்துவத்தைக் கடந்த அறக் கேள்வி.

ரிஃபாம்பிசின், ஐசோநியாசிட் ஆகிய இரு முதன்மை மருந்துகளுக்கும் கட்டுப்படாத காசநோய் பன்மருந்து எதிர்ப்புக் காசநோய் எனப்படும். உலகில் இவ்வகை நோயாளிகளில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் இந்தியாவில் உள்ளனர். இந்த எதிர்ப்பு இரண்டு வழிகளில் வருகிறது. மாத்திரை இடையில் நின்றுபோவதாலும், தவறான அளவில் கொடுக்கப்படுவதாலும் நோயாளியின் உடலிலேயே அது உருவாகலாம். அல்லது, ஏற்கெனவே எதிர்ப்புப் பெற்ற கிருமி வேறொருவரின் இருமல் வழியாகக் காற்றில் வந்து சேரலாம். இரண்டாம் வகையினர் ஒரு வேளை மாத்திரையைக்கூடத் தவறவிட்டவர்கள் அல்லர். மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாததால் வந்த வினை என்று எல்லா நோயாளிகளையும் பழிப்பது, அறத்துக்குப் புறம்பானது என்பதோடு அறிவியலுக்கும் முரணானது.

கிருமியின் உறவுமுறையைக் காண முன்பு ஐஎஸ்6110 என்னும் மரபணுத் துண்டின் அமைப்பை ஒப்பிட்டார்கள். தென்னிந்தியக் கிருமிகள் பலவற்றில் அத்துண்டு ஒன்றே ஒன்றாகவோ, அறவே இல்லாமலோ இருந்ததால், அந்த முறை இங்கே அதிகம் உதவவில்லை. இன்று கிருமியின் ஏறத்தாழ 44 லட்சம் எழுத்துகள் கொண்ட மரபணுத் தொகுப்பு முழுவதும் வாசிக்கப்படுகிறது. அதில் ஆண்டுக்குச் சராசரியாக அரை எழுத்து அளவே மாறுகிறது. இருவரின் கிருமிகளுக்கிடையே ஐந்து வேறுபாடுகளுக்குள் இருந்தால் அண்மையில் தொற்று நடந்திருக்கலாம் என்றும், பன்னிரண்டுக்கு மேல் என்றால் நேரடித் தொடர்புக்கு வாய்ப்புக் குறைவு என்றும் கொள்வார்கள். 2016–17இல் ஆப்பிரிக்காவின் கொம்புப் பகுதியிலிருந்தும் சூடானிலிருந்தும் ஐரோப்பாவுக்கு வந்த 29 நோயாளிகள் ஒரே தொற்றுக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் என்பது இப்படித்தான் தெரிந்தது. ஆயினும் கிருமிகளின் உறவை மட்டுமே மரபணு சொல்லும். தொற்று எந்த அறையில், எந்தப் பயணத்தில் நேர்ந்தது என்பதை நோயாளிதான் சொல்ல வேண்டும். நம்பிக்கை இல்லாத இடத்தில் அவர் வாய் திறக்கமாட்டார்.

நோய் கடக்கும் எல்லை தொலைதூரத்தில் மட்டும் இல்லை. சிதம்பரத்துக்கு வடக்கே, கடலூரைத் தாண்டியதும் புதுச்சேரி எல்லை. 1954 நவம்பர் 1 வரை அது பிரெஞ்சு ஆட்சிப் பகுதியின் எல்லை. இன்று ஒன்றியப் பிரதேசத்தின் எல்லை. சட்டப் பெயர் மாறினாலும் அதைக் கடந்துபோகும் பேருந்துக்குள் காற்று ஒன்றுதான். புதுச்சேரி ஜிப்மரை மையமாகக் கொண்ட காசநோய் ஆய்வு, கடலூர், விழுப்புரம் மாவட்டங்களின் குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டது இந்த நடைமுறை உண்மைக்குப் பொருத்தமானதே. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களின் நிலை இன்னும் கடினம். மார்பு எக்ஸ்ரேயில் தெரியும் பழைய தழும்புகூட வேலையைப் பறித்துவிடலாம். அந்த அச்சம் நோயை மறைக்கச் சொல்கிறது; மறைத்த நோய் பரவுகிறது.

விசாரணையே கூடாது என்று வாதிடவும் முடியாது. ஜீவகாருண்யம் எல்லா உயிருக்கும் உரியது. நோயுற்றவருக்கு உரிய அதே கருணை, அவரோடு ஒரே அறையில் உறங்கும் இன்னும் நோயுறாத குழந்தைக்கும் உண்டு. அக்குழந்தையைத் தேடிப் போவதற்காகக் கேட்கப்படும் கேள்வி, கருணையின் தொழிலைத்தான் செய்கிறது. அந்தக் கேள்வி எதற்கு வாசலாகிறது என்பதைக் கொண்டே அதை எடைபோட வேண்டும்.

இதற்கு நிகழ்ந்த சான்றுகள் உண்டு. 2005இல் தாய்லாந்தின் வாட் தாம் கிராபோக் முகாமிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிக்கொண்டிருந்த மோங் இன அகதிகளிடையே மருந்து எதிர்ப்புக் காசநோய் தெரியவந்தது. பயணம் நிறுத்தப்பட்டது, முகாமிலேயே சளிப் பரிசோதனையும் சிகிச்சையும் நடந்தன, பிறகு குடியேற்றம் தொடர்ந்தது. டோரஸ் நீரிணையில் நடந்தது வேறு. பப்புவா நியூ கினியிலிருந்து படகில் வந்த நோயாளிகளைக் கவனித்த ஆஸ்திரேலியத் தீவு மருத்துவ மையங்களின் காசநோய்ச் சேவை, 2011–12இல் அவர்களுக்கு நிறுத்தப்பட்டது. நோய் அதோடு நின்றுவிடவில்லை. எதிர்க்கரையின் டாரு தீவில் மருந்து எதிர்ப்புக் காசநோய் பெருகியது. இந்தியாவுக்குள்ளேயும் ‘எந்த ஊர்’ என்ற கேள்வி சிகிச்சைக்குக் குறுக்கே நின்றது. டெல்லிவாசி அல்லர் என்ற காரணத்தால் பெடாகுயிலின் என்னும் காசநோய் மருந்து மறுக்கப்பட்ட பாட்னா பெண்ணுக்கு, டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்த பிறகே, 2017 ஜனவரியில் அது கிடைக்க வழி பிறந்தது.

அடைத்து வைப்பதே பாதுகாப்பு என்ற எண்ணத்தை முதலில் அசைத்தது சென்னைதான். 1956இல் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், வீட்டில் இருந்தபடி மருந்து உண்டவர்கள் சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே குணமடைந்தார்கள் என்று 1959இல் காட்டியது. வீட்டாருக்கும் அதனால் கூடுதல் ஆபத்து நேரவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2017ஆம் ஆண்டு அறநெறி வழிகாட்டுதலும், விருப்பத்துக்கு மாறாகத் தனிமைப்படுத்துவது கடைசி வழியாகவே இருக்க வேண்டும், தண்டனையாக ஒருபோதும் ஆகக் கூடாது என்கிறது.

பிணியும் துன்பமே என்று சொன்ன இராமலிங்கர், பசி நீக்குவதை அதனினும் மேலான கடமையாக வைத்தார். 1867இல் வடலூரில் தருமசாலை கண்டார். இன்றைய மருத்துவம் இவ்விரண்டுக்கும் இடையே உள்ள பிணைப்பை அளந்து காட்டியிருக்கிறது. ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பத்தாருக்கு உணவுப்பொருள் வழங்கிய ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. காசநோயாளிகளுக்கு மத்திய அரசு மாதந்தோறும் தரும் ஊட்டச்சத்து உதவித்தொகை, 2024 நவம்பர் முதல் 500 ரூபாயிலிருந்து 1000 ரூபாயாக உயர்ந்துள்ளது.

ஆகவே எல்லையில் கேட்கும் கேள்வி அறமாவதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. பதில் எதுவானாலும் சிகிச்சை கிடைக்க வேண்டும். பெற்ற விவரம் குடியேற்ற அதிகாரியிடமோ முதலாளியிடமோ போகக் கூடாது. எல்லைக்கு அப்பால் உள்ள குடும்பத்துக்கும் மருந்தும் உணவும் போய்ச் சேர வழி இருக்க வேண்டும். இவை நிறைவேறாத இடத்தில் கண்காணிப்பு வெறும் காவல் வேலையாகிவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், எந்த ஊரிலிருந்து வந்தவரானாலும், அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பரிசோதனைக்கும் மருந்துக்கும் கட்டணம் இல்லை.