சாக்லேட் தொழிற்சாலையும் எங்கள் லயமும்

பத்து வயது மகளுக்கு வாசித்துக் காட்ட, அவள் வயதில் நான் மூன்று முறை படித்த புத்தகத்தை எடுத்தேன். ரோல்ட் தால் எழுதி 1964-இல் வெளிவந்த ‘சார்லியும் சாக்லேட் தொழிற்சாலையும்’.

கேரளத்தில் வித்துராவுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில் பிறந்தவள் நான். சார்லியை எனக்கு உடனே பிடித்துப்போனது. அவன் வீட்டில் முட்டைக்கோஸ் சூப், எங்கள் வீட்டில் ரேஷன் அரிசிக் கஞ்சி. அவன் அப்பா பற்பசைக் குழாய்களுக்கு மூடி திருகுகிறவர். ஒருநாள் அந்தத் தொழிற்சாலையை மூடிவிடுகிறார்கள். பிறந்தநாளுக்கு மட்டும் கிடைக்கும் சாக்லேட்டை ஒரு மாதத்துக்கு மேல் துளித்துளியாகத் தின்கிறான் சார்லி. பசி ஒரு வீட்டுக்குள் எப்படி வந்து உட்காரும் என்று தெரிந்து எழுதியிருக்கிறார் தால். அந்த மதிப்பு எனக்கு இன்றும் குறையவில்லை.

ஆனால் பாதிப் புத்தகத்தில் என் குரல் தடுமாறியது. ரகசியம் திருடு போகிறது என்று ஊர்த் தொழிலாளர்கள் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார் சாக்லேட் தொழிற்சாலை முதலாளி வோங்கா. அவர்கள் இடத்துக்கு லூம்பாலாந்திலிருந்து குட்டி மனிதர்களைக் கொண்டுவருகிறார். காட்டில் புழு தின்று வாழ்ந்தவர்களுக்கு வேண்டிய மட்டும் கோகோ கொட்டை தருவதாக வாக்கு. காற்றுத் துளை போட்ட பெட்டிகளில் பயணம். கூலியும் கோகோ கொட்டைதான். புதுப் பண்டங்களையெல்லாம் முதலில் அவர்களுக்குத்தான் கொடுத்துப் பார்க்கிறார். ஒருவருக்குத் தாடி நிற்காமல் வளர்கிறது. இன்னொரு முதியவர் மேலே மேலே மிதந்து போய்க் காணாமலே போகிறார்.

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் அந்த வயதில் அங்கேதான் சிரித்தேன்.

இப்போது எனக்கு ஆச்சியின் விரல்கள்தான் நினைவுக்கு வந்தன. கொழுந்துக் கறை ஏறிய விரல்கள். தோல் வெடிப்புகளில் அது கறுப்புக் கோடாகப் படிந்திருக்கும். சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் போகாது. அவள் அப்பா, தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணியிடம் முன்பணம் வாங்கியவர். மலையில் மூன்று வேளையும் அரிசிச் சோறு என்று கங்காணி சொன்னானாம். ஆறு வயதில் தென்காசிப் பக்கமிருந்து செங்கோட்டை வழியாக மலை ஏறியவள், அரிசிக்காசைப் பிடித்துக்கொண்டு தந்த மிச்சக் கூலியில் காலத்தைக் கழித்தாள். 1951-இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்து, குடியிருப்பும் மருத்துவமும் முதலாளியின் பொறுப்பு என்றானது. ஆனாலும் லயத்து வீடு வேலையோடு கட்டிய வீடு. வேலை போனால் கூரையும் போய்விடும் என்ற பயம் அவளை விட்டுப் போகவே இல்லை.

இந்தப் புத்தகத்தின் மேல் கேள்வி எழுவது புதிதல்ல. முதல் பதிப்பில் அந்தக் குட்டி மனிதர்கள் ஆப்பிரிக்கக் காட்டிலிருந்து வந்த கறுப்பர்கள். அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமை அமைப்பு இதைக் கண்டித்தது. 1973 பதிப்பில் தால் அவர்களுக்கு ரோஜா வெள்ளைத் தோலும் பொன்பழுப்பு முடியும் கொடுத்தார். தோல்தான் மாறியது. பெட்டியும் கூலியும் அப்படியே இருந்தன. 2023-இல் பதிப்பகம் ‘குண்டு’ போன்ற சொற்களை மாற்றியபோது உலகம் முழுக்கப் பெரிய சண்டை நடந்தது. அந்தச் சண்டையிலும் கோகோ கொட்டைக் கூலியைப் பற்றிப் பேச்சு அதிகம் எழவில்லை.

அவர்கள் ஏன் வந்தார்கள் என்ற கதையைச் சொல்பவர் வோங்கா மட்டுமே. அந்த மக்கள் புத்தகம் நெடுக வாய் ஓயாமல் பாடுகிறார்கள். எல்லாப் பாட்டும் அடுத்தவர் பிள்ளைகளின் குற்றங்களைப் பற்றியது. தங்களைப் பற்றிப் பாட அவர்களுக்கு ஒரு பாட்டும் தரப்படவில்லை. எங்கள் பக்கத்து மலையிலும் இதே நிலைதான். போணக்காட்டுக்கு வருகிறவர்கள் வெள்ளைக்காரத் துரையின் பாழடைந்த பங்களாவையும் அவர் மகளின் பேய்க்கதையையும்தான் தேடுகிறார்கள். லயங்களில் உயிரோடு இருப்பவர்களின் கதையைக் கேட்க அங்கே வண்டி நிற்பதில்லை.

முடிவில் தொழிற்சாலை சார்லிக்குக் கிடைக்கிறது. சிறுமியாக இருந்தபோது, எனக்கே கிடைத்ததுபோல் மகிழ்ந்தேன். உள்ளே இருந்த மூவாயிரம் பேரையும் சேர்த்துத்தான் அவனுக்குக் கொடுத்தார்கள் என்பது இப்போதுதான் உறைத்தது.

புத்தகத்தை நான் ஒளித்து வைக்கவில்லை. வரிகளைத் தாண்டியும் வாசிக்கவில்லை. ஒளித்தால் என் மகள் சார்லியின் பசியை இழப்பாள். திருத்தினால் ஆச்சிக்கு நடந்ததைப் புரிந்துகொள்ளும் வாய்ப்பை இழப்பாள். கடைசிப் பக்கம் முடிந்ததும் ஆச்சி மலை ஏறி வந்த கதையைச் சொன்னேன். மகள் சிரிக்காமல் கேட்டாள். மறுநாள் அதே புத்தகத்தை மறுபடியும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

நாம் நேசித்த புத்தகத்தில் குறை காண்பது அதற்குச் செய்யும் துரோகமல்ல. பிள்ளைகளுக்கு அதை முழுதாக வாசித்துக் காட்டுங்கள். பிறகு அந்தக் கதையில் வேலை செய்தவர்களின் பக்கம் நின்று, அதே கதையை இன்னொரு முறை சொல்லுங்கள்.