வழிவிடும் வலிமை

சக்குபள்ளத்து ஏலத் தோட்டங்களின் நடுவே வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதையில், சரக்கு நிரம்பிய லாரி ஒன்றும், இருக்கையை விட்டு எழுந்து நின்று மிதிக்கின்ற சைக்கிள்காரர் ஒருவரும் ஒரே வளைவை அடையும் கணத்தில், சாலையின் அகலத்தைவிட மனத்தின் விசாலமே இருவரையும் காக்கிறது. லாரி திரும்புகையில் அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தில் வாராமல் வளைவின் உட்புறத்தை ஒட்டியே உருளும் என்பதை அறிந்து சைக்கிள்காரர் சற்றே பின்தங்குவதும், தம் கண்ணாடியில் தெரியாத இடத்திலும் ஓர் உயிர் இருக்கக்கூடும் என்றெண்ணி ஓட்டுநர் வேகத்தைத் தணிப்பதும், ஒன்றையொன்று நிறைவு செய்யும் இரண்டு தர்மங்கள்.

தாராளமாகக் கடந்து செல்ல இடமில்லாத மலைச்சாலையில், இறங்கி வரும் வாகனம் ஓரமாக நின்று ஏறிவரும் வாகனத்துக்கு வழிவிட வேண்டுமென்று 1989-ஆம் ஆண்டின் சாலை விதிகள் வகுத்தன. பிரயாசைப்பட்டு மேலேறுகிறவருக்கே முதலிடம் என்னும் அந்த நியாயத்தில், சட்டத்தின் குரலோடு கருணையின் குரலும் கேட்கிறது.

சைக்கிளில் செல்பவருக்கு இரும்புக் கூண்டு கிடையாது. பின்னால் வருகிறவரின் பொறுமையே அவருடைய கவசம். வலியவர் வழிவிடும்போது குறுகிய சாலையும் ராஜபாட்டையாகிறது. லாரி காத்து நிற்பதென்னவோ சில விநாடிகளே. அந்தச் சில விநாடிகளின் புண்ணியத்தால், அந்திப் பொழுதில் ஒரு வீட்டு வாசலில் சைக்கிள் மணி ஒலிக்கிறது.